என்டர் தட்டினால் செத்துப்போன கீபோர்டு: சொந்தக் கர்னலோடு மூன்று வாரம்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு அந்தப் பழைய டெஸ்க்டாப்பை ஆன் செய்து, எதை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனுவில் என்டர் தட்டி, நான் எழுதிய குட்டிக் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஏறி முடித்ததும் கீபோர்டில் கையை வைத்தேன். எழுத்து வந்தது. அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தேன், மறுபடி வந்தது. இருபது தடவை செய்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டேன். இருபதும் சரி. அப்புறம்தான் தூங்கப் போனேன்.

ஒரு விசையை அழுத்தினால் அந்த எழுத்து திரைக்கு வருவதற்குள் கர்னல் என்னென்ன செய்கிறது என்று பல வருடமாகப் படித்திருக்கிறேன், ஆனால் ஒரு தடவையும் கையால் செய்து பார்த்ததில்லை. இந்த மே மாதம் செய்தே தீருவது என்று பெரம்பூர் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தேன். பகலில் ஆபீஸ், ராத்திரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இது. என்னிடம் இருந்தது லினக்ஸ் போட்ட லேப்டாப், நிரலை மெஷின் மொழியாக்கும் ஜிசிசி, நாஸ்ம், லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போலிக் கம்ப்யூட்டரை ஓட்டும் க்யூஎமு, ஒரு 4 ஜிபி பென்டிரைவ். கர்னல் 32 பிட். முக்கால்வாசி சி, மீதி அசெம்பிளி.

முதல் நாள் செய்தது ரொம்ப எளிமை. வட்டச் சாக்கெட்டில் செருகும் பழைய பிஎஸ்/2 கீபோர்டோடு பேச இரண்டு போர்ட்தான் (சிபியு படிக்கும், எழுதும் எண் முகவரி) இருக்கிறது: ஹெக்ஸில் 60, 64. 64-ஐப் படித்தால் நிலவரம் கிடைக்கும், அதில் கடைசி பிட் 1 ஆக இருந்தால் ‘ஒரு பைட் காத்திருக்கிறது, எடுத்துக்கொள்’ என்று அர்த்தம், எடுக்க வேண்டிய இடம் 60. அந்தப் பிட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு லூப், பைட் வந்தால் அந்த எண்ணைத் திரையில் போடு. இருபது வரி கூட வராது. க்யூஎமுவில் ஓட்டி ஆங்கில ‘ஏ’ விசையை அழுத்தினேன், 30 வந்தது. விரலை எடுத்தேன், 158 வந்தது. அழுத்தும்போது ஒரு எண், விடும்போது அதே எண்ணோடு 128 கூட்டி இன்னொரு எண். கீபோர்டுக்கு ‘ஏ’ என்ற எழுத்து தெரியவே தெரியாது, எந்த இடத்து விசை இறங்கியது, எது ஏறியது என்று மட்டும்தான் அது சொல்லும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அரை மணி நேரம் ஒவ்வொரு விசையாக அழுத்தி எண்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்த எண்ணை எழுத்தாக்க ஒரு அட்டவணை வேண்டியிருந்தது. ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த ஒரு அட்டவணையை அப்படியே தட்டச்சு செய்து போட்டேன். ‘ஏ’ அழுத்தினால் 2 வருகிறது. ‘எச்’ அழுத்தினால் ‘டி’, ‘ஜே’ அழுத்தினால் ‘ஈ’, ‘எல்’ அழுத்தினால் 3. பல விசைகளுக்கு ஒன்றுமே வரவில்லை. என் லூப்பில்தான் ஏதோ தவறு என்று ஒரு மணி நேரம் தேடினேன். லூப் சரியாகத்தான் இருந்தது, அட்டவணைதான் வேறு. கீபோர்டு தன் கம்பி வழியே அனுப்புவது செட் 2 எண்கள், 1984-ல் ஐபிஎம் பிசி ஏடியோடு வந்தவை. ஆனால் 1981-ல் வந்த முதல் பிசிக்கு எழுதிய மென்பொருள்கள் உடையக் கூடாது என்று, மதர்போர்டில் இருக்கும் 8042 கன்ட்ரோலர் அதையெல்லாம் பழைய செட் 1 எண்களாக மாற்றித்தான் 60-ஆம் போர்ட்டில் வைக்கும். நான் போட்டிருந்தது செட் 2 அட்டவணை. செட் 1 அட்டவணையை மாற்றிப் போட்டதும் எல்லாம் ஒழுங்கானது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இன்றைக்கு லினக்ஸில் யுஎஸ்பி கீபோர்டிலேயே ‘ஏ’ அழுத்தினாலும் உள்ளே அதற்கான எண் 30தான். அந்த முதல் பிசியின் எண் அப்படியே தங்கிவிட்டது.

அடுத்தது இன்டரப்ட். லூப்பில் சுற்றிக்கொண்டே இருந்தால் சிபியு வேறு வேலையே செய்ய முடியாது, அதனால் விசை இறங்கும்போது கீபோர்டே கூப்பிட வேண்டும். கீபோர்டுக்கு ஒதுக்கிய இன்டரப்ட் கம்பி எண் 1. அந்த அழைப்பு வந்தால் ஓடும் நிரலாக ஒரு ஹாண்ட்லர் எழுதி, இன்டரப்ட் அட்டவணையில் 33-ஆம் இடத்தில் போட்டு, இன்டரப்டைத் திறந்துவிட்டேன். திறந்த நொடியே க்யூஎமு ரீபூட் ஆனது. மறுபடி ஏறும், மறுபடி ரீபூட் ஆகும், நிற்கவே இல்லை. க்யூஎமுவில் வரும் ஒவ்வொரு இன்டரப்டையும் பதிவு செய்யச் சொல்லவும், ரீபூட் ஆகாமல் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லவும் முடியும். இரண்டையும் போட்டுப் பார்த்தபோது முதலில் வந்தது 8-ஆம் எண். மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் விட்டுவிட்டுப் போகும் அமைப்பில் டைமர் 8-ஆம் எண்ணிலும் கீபோர்டு 9-ஆம் எண்ணிலும் வரும். ஆனால் சிபியு 8 என்பதை டபுள் ஃபால்ட் (ஒரு பிழையைக் கவனிக்கும்போதே இன்னொரு பிழை) என்று வைத்திருக்கிறது. வினாடிக்கு 18 தடவை அடிக்கும் டைமர், நான் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்துவிட்டது, அதைக் கவனிக்க அங்கே ஆளில்லை, சிபியு விழுந்துவிட்டது. 8259 இன்டரப்ட் கன்ட்ரோலரிடம் சொல்லி எல்லாவற்றையும் 32-லிருந்து தொடங்கும்படி நகர்த்தினேன். கீபோர்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடி வைத்தேன், அதற்கான மாஸ்க் எண் 253. ரீபூட் நின்றது.

இப்போது முதல் விசை வந்தது. இரண்டாவது வரவில்லை. இது எல்லோருக்கும் வரும் கட்டம் என்று பின்னால் தெரிந்தது: ஹாண்ட்லர் முடிந்ததும் 8259-க்கு ‘முடிந்தது, அடுத்ததை அனுப்பு’ என்று ஒரு பைட் எழுத வேண்டும், எழுதாவிட்டால் அது காலம் முழுக்கக் காத்துக்கொண்டு நிற்கும். ஒரு வரி சேர்த்தேன், தீர்ந்தது.

ஷிஃப்ட் சுலபமாக வந்தது. இடது ஷிஃப்ட் 42, விட்டால் 170. வலது ஷிஃப்ட் 54, விட்டால் 182. இரண்டுக்கும் தனித்தனிக் கொடி (அழுத்தியிருக்கிறதா இல்லையா என்று நினைவு வைக்கும் மாறி) வைத்தேன், ஏனென்றால் ஒரே கொடியாக வைத்தால் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒன்றை விட்டாலும் சிறிய எழுத்து ஆகிவிடுகிறது. அம்புக்குறி விசைகளுக்கு முன்னால் 224 என்று ஒரு பைட் வரும், அதைக் கவனிக்காமல் விட்டால் மேல் அம்புக்குறிக்கும் நம்பர் பேடில் இருக்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டுமே 72. பாஸ் விசை மட்டும் ஆறு பைட் அனுப்புகிறது, விடும்போது ஒன்றுமே அனுப்புவதில்லை. அதை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

அப்புறம் வரிசை. ஹாண்ட்லருக்குள்ளேயே திரையில் எழுதக் கூடாது, வந்த பைட்டை ஒரு வட்ட பஃபரில் (கடைசி இடத்துக்குப் பிறகு மறுபடி முதல் இடத்துக்கு வரும் தற்காலிக வரிசை) போட்டுவிட்டு உடனே வெளியேற வேண்டும், முக்கிய நிரல் தன் வேகத்தில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். 128 இடம் வைத்தேன். பழைய பயாஸின் பஃபரில் 15 விசைதான் பிடிக்கும், அது நிரம்பினால்தான் அந்தக் காலக் கம்ப்யூட்டர்கள் பீப் பீப் என்று கத்தும். சின்ன வயதில் பிரவுசிங் சென்டரில் கேட்ட அந்தச் சத்தத்துக்குக் காரணம் இவ்வளவு வருடம் கழித்துப் புரிந்தது.

பஃபர் காலியாக இருக்கும்போது சிபியுவைச் சும்மா சுற்றவிடாமல் தூங்க வைக்க ஹால்ட் கட்டளை போட்டேன். இதில் ஒரு விசித்திரமான கோளாறு வந்தது. வேகமாக அடித்தால் எப்போதாவது ஒரு தடவை கடைசி எழுத்து வராது, அடுத்த விசையை அழுத்தும்போது இரண்டும் சேர்ந்து வரும். நூறு எழுத்துக்கு ஒரு தடவை கூட வராது, அதனால் பிடிக்க முடியவில்லை. ஒரு காகிதத்தில் நிரலை வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ‘இந்த இடத்தில் இன்டரப்ட் வந்தால் என்ன ஆகும்’ என்று கேட்டுக்கொண்டே போனேன். பஃபர் காலியா என்று பார்க்கிறேன், காலி. இந்த இடத்தில் விசை வருகிறது, ஹாண்ட்லர் ஓடி பஃபரில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. திரும்பி வந்த முக்கிய நிரல் தனக்குத் தெரிந்தவரை காலிதான் என்று தூங்கப் போகிறது. டைமரையும் நான் மூடிவிட்டதால் எழுப்ப ஆளே இல்லை, அடுத்த விசை வரும்வரை தூக்கம்தான். தீர்வு: இன்டரப்டை மூடிவிட்டுப் பஃபரைப் பார்க்க வேண்டும், காலி என்றால் இன்டரப்டைத் திறக்கும் கட்டளையும் ஹால்ட்டும் அடுத்தடுத்து, நடுவில் வேறு எதுவும் இல்லாமல் வர வேண்டும். திறக்கும் கட்டளைக்கு அடுத்த ஒரு கட்டளை முடியும் வரை சிபியு இன்டரப்டை உள்ளே விடாது, அதனால் அந்தச் சந்து அடைபட்டுவிடுகிறது. இந்த மூன்று வாரத்தில் நான் கற்றதிலேயே மிக அழகான விஷயம் இதுதான், அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதோடு க்யூஎமுவில் எல்லாம் ஓடியது. பத்து நாள் ஆகியிருந்தது. நிஜ மெஷினில் ஓட்ட ஆசை வந்தது.

சனிக்கிழமை மதியம் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, புதுச் சாமான் கடைகளைத் தாண்டி, பழைய பெட்டிகளை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் சந்துக்கு. எனக்கு வேண்டியது மூன்றே விஷயம்: பின்னால் ஊதா நிற வட்டச் சாக்கெட் இருக்க வேண்டும், ஒன்பது பின் சீரியல் போர்ட் இருக்க வேண்டும், பழைய பயாஸ் இருக்க வேண்டும். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார். “தம்பி, எல்லாரும் யுஎஸ்பி நிறைய இருக்கான்னு கேப்பாங்க, நீ அந்த ரவுண்டு பின்னைக் கேக்குறியே” என்றார். 2,800 சொன்னார், 2,300-க்குக் கொடுத்தார். டூயல் கோர், 1 ஜிபி ராம். பயாஸ் செட்டிங் நிற்காமல் போகிறது என்று வீட்டில் வந்து பார்த்த பிறகு 30 ரூபாய்க்கு சிஆர் 2032 பேட்டரி மாற்றினேன்.

கீபோர்டு வாங்குவதில் முதல் தவறு செய்தேன். வீட்டில் நல்ல யுஎஸ்பி கீபோர்டு இருக்கிறதே என்று, 40 ரூபாய்க்கு யுஎஸ்பியை ஊதா சாக்கெட்டில் செருகும் சின்ன மாற்றி ஒன்றை மட்டும் வாங்கி வந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த மாற்றிக்குள் வெறும் கம்பிதான் இருக்கிறது, கீபோர்டுக்கே இரண்டு மொழியும் தெரிந்திருந்தால்தான் வேலை செய்யும், என்னுடையதற்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து மறுபடி போய் 150 ரூபாய்க்கு அசல் பிஎஸ்/2 கீபோர்டு ஒன்று வாங்கினேன். ஒரு விஷயம், இந்தச் சாக்கெட்டில் மெஷின் ஓடும்போது செருகவோ கழற்றவோ வேண்டாம், அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டுத்தான் மாற்றினேன்.

பென்டிரைவில் கிரப்பையும் கர்னலையும் போட்டு ஏற்றினேன். மெனு வந்தது, என்டர் தட்டினேன், கர்னல் ஏறியது, ராமைச் சோதித்தது, தயார் என்று எழுதியது. கீபோர்டு செத்துக் கிடந்தது. எந்த விசைக்கும் பதில் இல்லை. கேப்ஸ் லாக் அழுத்தினேன், விளக்குக் கூட எரியவில்லை. விளக்கே எரியாவிட்டால் கீபோர்டுதான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அதே மெஷினில் லினக்ஸ் ஏற்றினேன், கீபோர்டு அருமையாக வேலை செய்தது, விளக்கும் எரிந்தது. மறுபடி என் கர்னல், மறுபடி செத்தது. கன்ட்ரோலரோடு ஒத்துப்போகாத கீபோர்டோ என்று இன்னொரு 150 ரூபாய் கொடுத்து வேறு ஒன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. கேப்ஸ் லாக் விளக்கைக் கீபோர்டு தானாக எரிய வைப்பதில்லை, கர்னல் சொன்னால்தான் எரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் கர்னலில் அதற்கு ஒரு வரி கூட இல்லை, பின்னே எப்படி எரியும். அந்த விளக்கை நம்பியதில் நான்கு நாள் போனது. பயாஸில் இருக்கும் எல்லா அமைப்பையும் மாற்றிப் பார்த்தேன், யுஎஸ்பி லெகஸி என்பதை அணைத்தேன், போட்டேன், கேபிளைச் சுத்தம் செய்தேன்.

இதில் மிகவும் படுத்தியது, எப்போதாவது ஒரு தடவை அது வேலை செய்துவிடும். காரணமே தெரியாமல்.

ஐந்தாவது நாள் ராத்திரி மெஷினை ஆன் செய்துவிட்டு மெனு வரக் காத்திருந்தேன். கீழே இருந்து அம்மா, “டீ ஆறுதுடா, எடுத்துட்டாவது போ” என்று இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டார். அப்படியே விட்டுவிட்டுப் போய் டம்ளரோடு மேலே வந்தேன். கிரப் ஐந்து வினாடி பார்த்துவிட்டுத் தானாகவே கர்னலை ஏற்றியிருந்தது. சும்மா ஒரு விசையைத் தட்டினேன், எழுத்து வந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு வரி முழுக்க அடித்தேன், ஒரு எழுத்து தவறவில்லை. அணைத்து, ஆன் செய்து, என்டர் தட்டினேன். செத்தது. அணைத்து, ஆன் செய்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உயிரோடு வந்தது.

நோட்டை எடுத்து இரண்டு பத்தி போட்டேன். என்டர் தட்டி ஏற்றியது இருபது தடவை, அதில் பதினேழு தடவை செத்தது. தட்டாமல் ஏற்றியது இருபது தடவை, ஒன்று கூடச் சாகவில்லை. நான்கு நாளாக நான் மெஷினைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், கோளாறு என் விரலின் நேரத்தில் இருந்தது.

இன்டரப்டைத் திறப்பதற்குச் சற்று முன்னால் 64-ஆம் போர்ட்டின் எண்ணைத் திரையில் போடும்படி ஒரு வரி சேர்த்தேன். தட்டாமல் ஏற்றினால் 28. தட்டி ஏற்றினால் 29. ஒன்று அதிகம், அதாவது கடைசி பிட் 1, ஒரு பைட் அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. அது என்ன பைட் என்று 60-ஐப் படித்துப் போடச் சொன்னேன். 156 என்று வந்தது. என்டர் விசை 28, அதோடு 128. என்டரிலிருந்து என் விரல் எழுந்த அந்த நொடியின் எண்.

நடந்தது இதுதான். நான் என்டரை அழுத்தியதும் கிரப் கர்னலை ஏற்றிவிடுகிறது, விரல் இன்னும் விசையிலேயே இருக்கிறது. என் கர்னல் எழுந்ததும் முதல் வேலையாக இன்டரப்டை மூடிக்கொண்டு 1 ஜிபி ராம் முழுவதையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கிறது, அதற்கு இரண்டு வினாடிக்குப் பக்கம் ஆகிறது. அந்த நேரத்தில் நான் விரலை எடுக்கிறேன், 156 வந்து 60-ஆம் போர்ட்டில் உட்கார்ந்துகொள்கிறது, இன்டரப்ட் கம்பி மேலே ஏறி நிற்கிறது. அப்புறம் நான் 8259-ஐப் புதிதாக அமைக்கிறேன். அப்படி அமைக்கும்போது அது முன்பு பார்த்த ஏற்றத்தை மறந்துவிடும், இனிமேல் கம்பி கீழிருந்து மேலே ஏறினால்தான் அதை ஒரு அழைப்பாக எடுத்துக்கொள்ளும். கம்பியோ ஏற்கெனவே மேலே நிற்கிறது. அது கீழே இறங்க வேண்டுமானால் யாராவது அந்த 156-ஐ எடுக்க வேண்டும். எடுப்பது ஹாண்ட்லரின் வேலை. ஹாண்ட்லர் ஓட இன்டரப்ட் வர வேண்டும். இன்டரப்ட் வரக் கம்பி இறங்கி ஏற வேண்டும். அந்தப் பைட்டை எடுக்கும் வரை கன்ட்ரோலர் கீபோர்டை அடுத்ததை அனுப்ப விடாது, அதனால் நான் எத்தனை விசை அழுத்தினாலும் ஒன்றும் உள்ளே வராது. பிழைத்த மூன்று தடவையும் விரலைச் சீக்கிரம் எடுத்திருப்பேன், கிரப் கையில் இருக்கும்போதே பயாஸ் அந்தப் பைட்டை எடுத்துவிட்டிருக்கும். க்யூஎமுவில் இது ஏன் ஒரு தடவை கூட வரவில்லை என்பதும் தெளிவானது: அங்கே கர்னல் கோப்பை நேரடியாகக் கொடுத்தேன், மெனுவும் இல்லை, என்டரும் இல்லை, ராமும் 128 எம்பிதான்.

சரி செய்ய நான்கு வரி. 8259-ஐ அமைத்த பிறகு, இன்டரப்டைத் திறப்பதற்கு முன்னால், கடைசி பிட் 1 ஆக இருக்கும் வரை 60-ஐப் படித்துக் கீழே போட்டுவிடு, அதிகபட்சம் பதினாறு தடவை. அந்தப் பதினாறு நான் யோசித்த எண் அல்ல. லினக்ஸ் அதே மெஷினில் சாகாமல் எழுந்ததே என்று அதன் ஐ8042 டிரைவரைத் திறந்து பார்த்தேன், அங்கே ஆரம்பத்திலேயே பஃபரைக் காலி செய்ய ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதில் இருக்கும் எல்லை பதினாறு. யாரோ எப்போதோ இதே இடத்தில் என்னைப் போல நின்றிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஹாண்ட்லருக்குள்ளும், 60-ஐப் படிப்பதற்கு முன் கடைசி பிட்டைப் பார்க்கும்படி மாற்றினேன்.

மூன்றாவது வாரம் எனக்காக ஒதுக்கிக்கொண்டது. எழுத்து மட்டும் காட்டும் விஜிஏ திரையில் தமிழ் போடுவது சுலபமில்லை, வழக்கமாக 256 உருவம்தான் பிடிக்கும். ஆனால் சீரியல் போர்ட் வழியே, எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் லேப்டாப்புக்கு அனுப்பினால் அங்கே டெர்மினலில் தமிழ் தெரியும். 380 ரூபாய்க்கு யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கினேன். இரண்டு பக்கமும் ஆண் கனெக்டர், நேராகச் செருக வழியில்லை, அதனால் இரண்டு பெண் கனெக்டர் வாங்கி மூன்று கம்பி மட்டும் சால்டர் செய்தேன்: 2-ஐ 3-க்கும், 3-ஐ 2-க்கும், 5-ஐ 5-க்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், ஆனால் பின்னுக்குப் பின் இடைவெளி கம்மி, முதல் கனெக்டரில் இரண்டு பின்னை ஒட்டவைத்துவிட்டு உறிஞ்சு பம்பால் எடுத்தேன். வேகம் 9600. எழுத்து ஓடியது.

விசைகளுக்கான தமிழ் அட்டவணை தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த, தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு. 1991-ல் வந்த லினக்ஸ் 0.01-ல் ஃபின்லாந்து கீபோர்டு அமைப்பு மட்டும்தான் இருந்தது, லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸின் மேசையில் இருந்தது அதுதான். என் மேசையில் இருப்பதை என் கர்னலில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை.

தமிழ்99-ல் ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி விழும். ‘ஏ, கே, கே, க்யூ’ என்று நான்கு விசை அடித்தால் அம்மா. இந்த விதியை ஹாண்ட்லருக்குள்ளேயே வைத்தேன்: கடைசியாக வந்த மெய் எது என்று ஒரு மாறியில் நினைவு வைத்து, அடுத்தது அதே மெய் என்றால் நடுவில் புள்ளியை அனுப்பு. அம்மா அழகாக வந்தது. அப்புறம் ‘ம’ அடித்து, தவறு என்று பேக்ஸ்பேஸில் அழித்து, மறுபடி ‘ம’ அடித்தேன். எழுத்தே இல்லாத இடத்தில் ஒரு புள்ளி தனியாக வந்து நின்றது. வரியில் அழித்தது ஹாண்ட்லருக்குத் தெரியாது, அது இன்னும் பழைய ‘ம’வையே நினைத்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து விதியை எடுத்து, வரியைக் கட்டும் பகுதிக்குக் கொண்டுபோனேன், அங்கே வரியின் கடைசியில் உண்மையில் என்ன எழுத்து இருக்கிறது என்பதைப் பார்த்துப் புள்ளி வைக்கிறது. லினக்ஸில் தமிழ் உள்ளீடு கர்னலுக்கு வெளியே ஐபஸ் மாதிரி ஒரு உள்ளீட்டு நிரலில் நடப்பதன் காரணம் இதைச் செய்த பிறகுதான் எனக்குள் இறங்கியது.

பேக்ஸ்பேஸிலும் ஒரு வேலை இருந்தது. ஒரு பைட்டை மட்டும் அழித்தால் தமிழ் எழுத்து பாதியில் உடைந்து கேள்விக்குறிக் கட்டமாகிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். அம்மா மொத்தம் 15 பைட். பின்னாலிருந்து வரும்போது மேல் இரண்டு பிட் 10 ஆக இருக்கும் பைட்டெல்லாம் தொடர்ச்சி, அதையெல்லாம் தள்ளி ஆரம்ப பைட் வரை அழிக்க வேண்டும். லினக்ஸ் டெர்மினலில் ஐயுடிஎஃப்8 என்ற கொடி போட்டிருந்தால் கர்னல் செய்வதும் இதைத்தான். அப்படிச் செய்தால் ‘கி’யில் ஒரு தடவை அழித்தால் ‘க’ மிஞ்சும், இகரக் குறி மட்டும் போகும். எனக்கு இது பிடித்திருக்கிறது, உயிர்மெய்யில் தவறு பெரும்பாலும் உயிரில்தான் வருகிறது.

மொத்தச் செலவு 3,100 ரூபாய்: டெஸ்க்டாப் 2,300, இரண்டு கீபோர்டு 300, அந்த மாற்றி 40, கேபிள் 380, கனெக்டரும் கம்பியும் 50, பேட்டரி 30. மானிட்டர் வீட்டில் சும்மா கிடந்தது. அடுத்த தடவை செய்தால் சீரியல் கேபிளைத்தான் முதல் நாளே கட்டுவேன், திரையில் எண்களை அச்சடித்துப் பிழை தேடியதில் பாதி நேரம் போனது. நிஜ மெஷினைப் பத்தாவது நாள் வரை தள்ளிப்போட மாட்டேன், க்யூஎமுவிலும் கிரப் மெனு வழியாகத்தான் ஏற்றுவேன். எந்தச் சாதனமாக இருந்தாலும் திறப்பதற்கு முன்னால் அதன் வாயில் பழையது எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

இப்போது கேப்ஸ் லாக் விளக்கில் இருக்கிறேன். 60-ஆம் போர்ட்டில் 237 எழுத வேண்டும், கீபோர்டு 250 என்று ஒப்புதல் அனுப்பும், பிறகு எந்த விளக்கு என்று சொல்லும் பைட்டை எழுத வேண்டும், கேப்ஸ் லாக்குக்கு அது 4. ஆனால் அந்த 250-உம் விசைகள் வரும் அதே வழியாகத்தான் வருகிறது, என் ஹாண்ட்லர் அதை 122-ஆம் விசையை யாரோ விட்டதாக எடுத்துக்கொண்டு பஃபரில் போடுகிறது. கட்டளை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேனா இல்லையா என்று ஒரு நிலை வைக்க வேண்டும், காத்திருக்கும்போது நடுவில் நிஜ விசை வந்தால் அதையும் தவறவிடக் கூடாது. நேற்று ராத்திரி விளக்கு ஒரு தடவை எரிந்தது, பிறகு அணையவில்லை.